ஆழம் போகிறவருக்கே தண்ணீர்

தரமணியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் லாரி வரும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். பன்னிரண்டாயிரம் லிட்டர். ஹோஸைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு டிரைவர் அண்ணன் எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார். செமஸ்டருக்குப் படிக்கிறேன் என்று சீக்கிரம் எழுந்த ஒரு நாள் நானும் அங்கே போய் நின்றேன்.

"அண்ணா, இது எங்கேருந்து வருது?"

"கேளம்பாக்கம் தாண்டி உள்ள. ஒரு விவசாயியோட கெணறு தம்பி."

"அவரு வெள்ளாமை பண்றதில்லையா?"

சிரித்தார். "இதாம்ப்பா அவருக்கு வெள்ளாமை."

அந்த டீ எனக்கு இறங்கவில்லை. காரணம் நான் நல்லவன் என்பதல்ல. எங்கள் மாமாவும் ஒரு கிணறு வைத்திருக்கிறார். அதில் விற்பதற்கும் தண்ணீர் இல்லை, விதைப்பதற்கும் இல்லை.

எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். காங்கேயத்திலிருந்து கரூர் போகிற பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. தமிழ்நாட்டின் சராசரியே 900-க்கு மேல் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு காய்ந்த பூமி என்று புரியும். அந்தக் காய்ச்சலுக்குத் தகுந்த மாதிரி அங்கே ஒரு வாழ்க்கையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். கொறங்காடு என்று சொல்வோம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மாட்டையும் செம்மறியையும் பட்டி மாற்றி மாற்றி மேயவிட வேண்டும், அவ்வளவுதான். 2017-ல் மெரினாவில் உட்கார்ந்து நாமெல்லாம் பெருமையாகப் பேசினோமே, அந்தக் காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்ததுதான்.

கொஞ்சம் பயிர் வைப்பதற்குக் கிணறும் இருந்தது. எங்கள் அப்பச்சியின் (அம்மாவின் அப்பா) கிணறு எண்பத்தைந்து அடி. கவலை ஏற்றம் கட்டி மாட்டை வைத்து இறைத்தார்களாம். மாட்டுக்கு மூச்சு வாங்கினால் இறைப்பதை நிறுத்தவேண்டும். அந்த நேரத்தில் கிணறும் கொஞ்சம் ஊறிக்கொள்ளும். யாரும் எழுதி வைக்காத கட்டுப்பாடு அது, மாட்டின் நுரையீரல்தான் சட்டம். பிறகு மோட்டார் வந்தது. மோட்டாருக்கு மூச்சு வாங்குவதில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிற வெளித்தண்ணீர் பி.ஏ.பி. தண்ணீர். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். மேற்கு மலையில் பெய்து மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை அணைகள், சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பிய திட்டம். தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. திருமூர்த்தி அணையிலிருந்து கிளம்பும் பிரதானக் கால்வாய் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வருகிறது. எங்கள் ஊர் அதன் கடைமடை. மொத்தப் பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தர முடியாது என்பதால் நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அதிலும் இத்தனை சுற்று, இத்தனை நாள் என்று கணக்கு. எந்த மடை எப்போது திறக்கும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பையன்களுக்கும் தெரியும்.

இந்த முறையில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் இது உரிமை. உன் பூமி இத்தனை ஏக்கர், ஆகவே உனக்கு இத்தனை நாள் தண்ணீர் என்று சொல்கிறது. வரவில்லை என்றால் கேட்கலாம், வெள்ளகோவிலில் கேட்கிறார்கள். மேலே தலைமடைப் பக்கம் கால்வாயை ஒட்டிக் கிணறு வெட்டி, குழாய் பதித்து, தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று உண்ணாவிரதம், மறியல், உயர் நீதிமன்றத்தில் வழக்கு என்று பல வருஷமாக நடக்கிறது. அதிகாரிகள் கண்காணிப்புக் குழு போடுவார்கள், சில இணைப்புகளை வெட்டுவார்கள், மறுபடியும் ஆரம்பிக்கும்.

இந்தத் திருட்டு விவகாரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் எனக்கு உண்மையான சிக்கல் பிடிபட்டது. வாய்க்காலில் ஓடும்போது அது அரசாங்கத்தின் தண்ணீர். அதில் நேராக ஹோஸைப் போட்டால் நீங்கள் திருடன். அதே தண்ணீர் கரையில் கசிந்து ஐம்பது அடி தள்ளியிருக்கும் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால்? அது உங்கள் கிணற்றுத் தண்ணீர், உங்கள் சொத்து. மண்ணுக்குள் ஐம்பது அடி நடந்தவுடன் தண்ணீருக்குச் சொந்தக்காரர் மாறிவிடுகிறார். அதனால்தான் கால்வாய் ஓரத்துக் கிணறுகளுக்கென்று தனியாக உத்தரவு, தனியாகக் கெடுபிடி எல்லாம் தேவைப்படுகிறது. கால்வாயிலிருந்து தள்ளியிருக்கிற கிணறுகளுக்கு அந்தக் கெடுபிடியும் கிடையாது.

இந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். (பி.காம். வணிகச் சட்டப் பாடத்தில் காண்ட்ராக்ட் ஆக்ட் 1872 மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நிஜமாகவே தேவைப்படுகிற சட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை!) இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882 என்று ஒன்று இருக்கிறது. வரையறுத்த ஓடையாக ஓடாமல் ஒருவருடைய நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை அவர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம், தன் இஷ்டப்படி செலவழிக்கலாம் என்று அதன் ஏழாவது பிரிவில் ஒரு விளக்கம் வருகிறது. அதற்கும் முன்னால் 1843-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு சுரங்கக்காரர் தன் நிலத்தில் தோண்டித் தண்ணீரை வெளியேற்ற, பக்கத்துப் பஞ்சாலையின் கிணறு வற்றிப்போனது. பஞ்சாலைக்காரர் தோற்றார். நிலத்துக்கு அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது, ஆகவே அவனவன் நிலத்தில் அவனவன் ராஜா என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

1843-ல் தெரியாமல் இருந்திருக்கலாம். மழை ஏராளமாகப் பெய்கிற ஊரில் உட்கார்ந்து அப்படிச் சொன்னதில் பெரிய நஷ்டமும் இல்லை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி கடினப் பாறை. பாறை வெடிப்புகளில் இருக்கும் தண்ணீர்தான் நமக்கு நிலத்தடி நீர். அந்த வெடிப்பு சர்வே கல்லைப் பார்த்து நிற்காது. நான் ஆயிரத்து இருநூறு அடியில் உறிஞ்சினால், பட்டா எண் வேறாக இருந்தாலும் பக்கத்துத் தோட்டத்தின் நானூறு அடி போர் காற்றைத் துப்பும். அப்படியென்றால் சட்டம் எல்லோருக்கும் சமமாகத் தந்த உரிமை நடைமுறையில் யாருடைய கையில் இருக்கிறது? ஆழமாகத் துளைக்கப் பணம் வைத்திருப்பவர் கையில்.

இனி மாமா கதை. மாமாவுக்கு ஐந்து ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் தென்னை, 140 மரம். மூன்று வருஷத்துக்கு முன்பு அவருடைய பழைய போர் நின்றுபோனது. நீரோட்டம் பார்க்கிறவர் வந்து உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்து ஒரு இடத்தைக் காட்டினார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. ஆயிரம் அடி. கேசிங் பைப், நீர்மூழ்கி மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து மூன்றே கால் லட்சம். அத்தையின் நகையை அடகு வைத்த பணம். தண்ணீர் வந்தது, வீட்டில் பொங்கல் வைத்தார்கள். பதினான்கு மாதம் ஓடி நின்றது. அக்கவுண்டன்சி படித்த பாவத்துக்கு உடனே மனசு வகுத்துப் பார்த்தது: மாதத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல் தேய்மானம். அந்த இரண்டு ஏக்கர் தென்னை எந்த மாதத்திலும் அவ்வளவு கொடுத்ததில்லை.

பக்கத்துக் காடு நாற்பது ஏக்கர். ஒரு காலத்தில் ஏழெட்டுப் பேருடைய கொறங்காடு அது. திருப்பூரில் தொழில் செய்யும் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஒரே தோப்பாக்கினார். ஏக்கருக்கு எழுபது மரம் என்று வைத்தால் 2,800 தென்னை. வெயில் காலத்தில் சொட்டுநீரிலேயே மரத்துக்கு நாளொன்றுக்கு அறுபது லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,68,000 லிட்டர். தரமணிக்கு வரும் லாரிக் கணக்கில் சொன்னால் தினமும் பதினாலு லோடு, வருஷம் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், ஒரே தோப்புக்கு. அவருக்கு நான்கைந்து போர், எல்லாம் ஆயிரத்து இருநூறைத் தாண்டியவை. பண்ணைக்குட்டை மாதிரி பெரிய தொட்டி கட்டி பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறார்.

அவரை வில்லனாக்கி எழுதினால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் நல்ல மனுஷன். மாமாவின் போர் நின்ற அடுத்த வாரமே, "மாட்டுக்குத் தண்ணி நம்ம தொட்டியில எடுத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார். இன்று வரை எங்கள் வீட்டு இரண்டு எருமையும் ஒரு மாடும் அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் இருக்கின்றன. எனக்கு உறுத்துவது இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் மாமா தன் கிணற்றிலிருந்து தன் உரிமையில் எடுத்த அதே பாறைத் தண்ணீரை இன்று அடுத்தவர் தயவில் எடுக்கிறார். தோப்பு முதலாளி எதிரில் வந்தால் டிவிஎஸ் எக்ஸெல்லை ஓரங்கட்டிவிட்டு நிற்கிறார். அவர் நிற்கச் சொன்னதில்லை, இவராகத்தான் நிற்கிறார். ஊராட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதைக்கூட அந்தத் தொட்டி தீர்மானிக்கும். நிலமே இல்லாமல் ஆடு மேய்ப்பவர்கள் நிலை இன்னும் மோசம், அவர்களுக்கு 1882-ஆம் வருஷச் சட்டப்படியே எதுவும் இல்லை. பூமி இருந்தால்தானே அடியில் தண்ணீர்.

மின்சாரத்தைப் பேசாமல் இதைப் பேச முடியாது. பேசினால் அடி விழும் என்றும் தெரியும். :-) கொங்கு நாட்டில் இலவச மின்சாரம் என்பது ரத்தம் சிந்தி வாங்கியது. யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் கட்டணம் ஏறியதை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூர் நகரமே மாட்டு வண்டிகளால் அடைபட்டது. எங்கள் அப்பச்சி அந்த வண்டிகளில் ஒன்றில் போனாராம், சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றானது. அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கால்வாய்க்காரருக்குத் தண்ணீர் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும்போது கிணற்றுக்காரர் மட்டும் ஏன் கட்டவேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் அந்த இலவசம் இன்று யாருக்கு எவ்வளவு போகிறது? முந்நூறு அடியிலிருந்து ஐந்து குதிரைத்திறன் மோட்டாரில் இறைப்பவருக்குச் சின்ன மானியம். ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து நாலு பெரிய மோட்டாரில் இறைப்பவருக்குப் பல மடங்கு மானியம். ஆழம் கூடக்கூட அரசாங்கம் கூடுதலாகக் கொடுக்கிறது! எங்கள் பொருளாதாரப் புத்தகத்தின் பாஷையில் சொன்னால், போர் போட்ட பிறகு அடுத்த லிட்டருக்கான மார்ஜினல் காஸ்ட் பூஜ்யம். பூஜ்யம் விலையில் எந்தச் சரக்கு மிஞ்சியிருக்கிறது? சரி, புது இணைப்பாவது வரிசைப்படி கிடைக்குமா? சாதாரண வரிசை பல வருஷம். தட்கல் என்று ஒரு திட்டம், லட்சக் கணக்கில் கட்டினால் வரிசையைத் தாண்டலாம். ரயிலுக்குத்தான் தட்கல் என்று நினைத்திருப்பீர்கள்.

விளைவை அரசாங்கமே அளந்து வைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 அதிநுகர்வு வகை. அதாவது ஒரு வருஷத்தில் ஊறுவதைவிட அதிகமாக அங்கே எடுக்கிறார்கள். காமர்ஸ்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். வட்டியை மட்டும் எடுத்தால் வருமானம், அசலை எடுத்தால் அது வருமானம் அல்ல. ஒரு கம்பெனி தன் மெஷினை விற்றுக்கொண்டே வந்து, வந்த காசையெல்லாம் லாபக் கணக்கில் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். போட்டால் அவர்மேல் கேஸ் வரும். வறண்ட பூமியில் நாற்பது ஏக்கர் தென்னை லாபம் தருகிறது என்கிறோம். அந்த லாபத்தில் எத்தனை பங்கு மாமாவின் கிணற்று அசல்?

இது ஏதோ நம் ஊர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இதே கதை டாலரில் நடந்தது. சவுதி அரேபியா 1980-களில் பாலைவனத்துக்கு அடியில் இருந்த பழைய தண்ணீரை இறைத்துக் கோதுமை விளைவித்தது. ஏற்றுமதியே செய்தது. தண்ணீர் தீர்ந்துகொண்டே போவதைப் பார்த்து, 2016-க்குள் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாக நிறுத்துவது என்று 2008-ல் முடிவெடுத்தது. மாட்டுத் தீவனத்துக்கும் இதே பிரச்சினை. அங்குள்ள பெரிய பால் நிறுவனமான அல்மராய் 2014-ல் அரிசோனாவின் விக்ஸ்பர்க் என்ற இடத்தில் பத்தாயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கியது. அங்கே குதிரைமசால் (எங்கள் ஊரிலும் மாட்டுக்குப் போடுவோம்) விளைவித்துக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றியது. மாநில அரசின் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தது, ஏக்கருக்கு வருஷம் சுமார் 25 டாலர். தண்ணீருக்குத் தனி விலை கிடையாது, அளவும் கிடையாது. சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகள் வற்ற ஆரம்பித்ததும் சத்தம் எழுந்தது. 2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அந்த அரசு நிலக் குத்தகைகளை முடிவுக்குக் கொண்டுவந்தார்.

அங்கே பலரும் அதை "வெளிநாட்டுக்காரன் நம் தண்ணீரைக் கொண்டுபோகிறான்" என்ற கதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அதே மாநிலத்தில் வில்காக்ஸ் என்ற பகுதியில் மினசோட்டாவிலிருந்து வந்த பால்பண்ணைக் கம்பெனியும் அதே மாதிரிதான் ஆழமாக இறைத்தது. அது சுத்தமான அமெரிக்கக் கம்பெனி. குத்தகை ரத்தானாலும் சொந்தமாக வாங்கிய நிலத்தில் இறைப்பதை அந்த ரத்து தொடவில்லை. நிலத்தை வாங்கினால் அடியில் உள்ளது இலவசம் என்கிற விதி இருக்கும்வரை சவுதிக்காரர் போனால் இன்னொருவர் வருவார். எங்கள் ஊரிலும் தோப்பு முதலாளியை அசலூர்க்காரர் என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை. உள்ளூர்க்காரரிடம் அந்தப் பணம் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

பக்கத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. கேரளத்தில் பிளாச்சிமடை. அது இருக்கும் சித்தூர் தாலுகாவும் மழைமறைவுப் பகுதி, பி.ஏ.பி. ஒப்பந்தப்படி ஆழியாற்றுத் தண்ணீரில் பங்கு வாங்கும் பகுதி. அங்கே 2000-ல் கோகோ கோலா ஆலை தொடங்கியது. சுற்றுக் கிணறுகள் கெட்டன என்று ஆதிவாசி மக்கள் போராடினார்கள், பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாள், நிலம் வைத்திருப்பவர் அளவில்லாமல் எடுக்க முடியாது என்றார். 2005 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றி நாளைக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆலை 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டது, பிறகு திறக்கவே இல்லை. ஒரே நீதிமன்றம், பதினாறு மாத இடைவெளி, ஒரே தண்ணீருக்கு இரண்டு பதில். கோலா கம்பெனி என்றால் கொடி பிடிக்க நமக்குச் சுலபமாக வருகிறது. அதே தண்ணீரைத் தென்னைக்கு எடுத்தால் அது விவசாயம், அதன்மேல் கேள்வி கேட்டால் விவசாயி விரோதி. இந்தியா எடுக்கும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பாசனத்துக்குத்தான் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் சட்டமே போடவில்லையா என்றால், போட்டார்கள். 2003-ல் மாநிலம் முழுமைக்கும் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. கிணறுகளைப் பதிவு செய்வது, அனுமதி, எல்லாம் அதில் இருந்தது. பத்து வருஷம் அது அமலுக்கே வரவில்லை. 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள். சென்னைக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் மட்டும் 1987-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அது எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்பதைப் பழைய மகாபலிபுரம் ரோட்டில் காலை ஆறு மணிக்கு நின்று லாரிகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

என் கருத்து என்ன? கால்வாயில் செய்ததைக் கிணற்றிலும் செய்ய வேண்டும். பி.ஏ.பி.யில் மண்டலம், முறை, சுற்று என்று பகிர முடிகிறது. பூமிக்கு மேலே நான்கு லட்சம் ஏக்கருக்குப் பக்கமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த நமக்கு, பூமிக்குக் கீழே ஒரு கிராமத்துக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. மகாராஷ்டிராவில் அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) ஹிவரே பஜார் என்ற கிராமம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. போபட்ராவ் பவார் தலைவராக வந்த பிறகு பாசனத்துக்கு போர் போடுவதில்லை, கரும்பு, வாழை வைப்பதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. ஒவ்வொரு வருஷமும் மழையை அளந்து, கையிருப்பு இவ்வளவு, குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, மீதி பயிருக்கு என்று கிராமசபையில் பட்ஜெட் போடுகிறார்கள். கையிருப்புக்கு மேல் செலவு எழுதக் கூடாது. பதினோராம் வகுப்பு கணக்குப்பதிவியல் பாடம்தான் இது.

உடனே வரும் எதிர்க்கேள்வியும் தெரியும். என் ரூம்மேட் கேட்டான்: "அது சின்ன ஊரு, ஒரு நல்ல தலைவர் கிடைச்சாரு. உங்க ஊர்ல நாப்பது ஏக்கர்காரர் கிராமசபைக்கே வரமாட்டாரே?" நியாயம்தான். அவர் வரமாட்டார். வந்தாலும் அவர் தொட்டியில் தண்ணீர் எடுக்கும் மாமா எழுந்து நின்று பேச மாட்டார். ஆகவே வெறும் கிராமசபையை நம்பிப் பயனில்லை. நிலத்தடி நீர் பட்டாவோடு ஒட்டியதல்ல என்று சட்டம் முதலில் சொல்லவேண்டும். இலவச மின்சாரத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். குடும்பத்துக்கு இத்தனை யூனிட் இலவசம், அதற்கு மேல் காசு. மாமாவுக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை. நாற்பது ஏக்கர்காரர் கணக்குப் போட ஆரம்பிப்பார். அவர் நன்றாகக் கணக்குப் போடக்கூடியவர், தென்னையில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி புல் விடுவதுதான் லாபம் என்று அவரே கண்டுபிடித்தாலும் ஆச்சரியமில்லை.

சென்னைக்காரர்கள் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்ல. 2000-களின் தொடக்கத்தில் குடிநீர் வாரியமே திருவள்ளூர் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் வாங்கியது. 2019-ல் ஏரிகள் காய்ந்தபோது ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்தது. டி.வி.யில் பார்த்து நாங்கள் ஊரில் பேசிக்கொண்டோம், மெட்ராஸ்காரனுக்கு ரயிலில் வருகிறதே என்று. அதற்குப் பிறகு நெம்மேலியில் கடல்நீர் சுத்திகரிப்பை விரிவாக்கினார்கள், நல்ல விஷயம். ஆனாலும் எங்கள் சந்துக்கு லாரி வருவது நிற்கவில்லை. ஹவுஸ் ஓனர் மாதா மாதம் தண்ணீர்க் காசு என்று தலைக்கு வசூலிக்கிறார், நானும் கொடுக்கிறேன், குளிக்கிறேன். கேளம்பாக்கத்துக்கு அப்பால் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு மாமா இருப்பார். அவருக்கும் சென்னையில் படிக்கும் ஒரு மருமகன் இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாமா போன் செய்தார். "மாப்ளே, நீ கணக்குப் படிக்கறயில்ல. ஆயிரத்து முந்நூறு அடி போடலாங்கறாங்க. கட்டுமான்னு பார்த்துச் சொல்லு" என்றார். ரிக் வண்டி அடி ரேட்டு, பைப், மோட்டார், நகைக் கடன் வட்டி, தேங்காய் விலை எல்லாம் வைத்து எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷம் தண்ணீர் நிற்காமல் வந்தால்கூடப் போட்ட காசு திரும்பாது. தேங்காய் விலை ஏறினால் என்ற கணக்கையும் போட்டேன், அப்போதும் இழுபறிதான். ராத்திரி கூப்பிட்டுச் சொன்னேன், "வேண்டாங்க மாமா. அந்த மரத்தை விட்டுட்டு மாடு மட்டும் பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கணக்கு சரிதான் மாப்ளே. ஆனா நாம போடலீன்னா அந்தத் தண்ணி அப்படியே இருக்குமா? பக்கத்துல இழுத்துருவாங்கல்ல?"

இதற்கு எக்ஸெல்லில் எந்தக் கட்டத்தில் எண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை வண்டி வருகிறதாம்.